போனுக்கு ஒரு வாய்ச் சோறு

பேகம்பூர், திண்டுக்கல்
சித்திரை பிறந்த மறுநாள்

அன்புள்ள கீர்த்தனாவுக்கு,

நர்கீஸ் எழுதுகிறேன். இங்கே அத்தா, அம்மா, தங்கை நுஸைபா எல்லோரும் சுகம். அத்தாவின் தோல் குடோனுக்கு மேலே நாம் வேலை பார்த்த மாடி அறையும் மேசையும்கூடச் சுகம். உன் நாற்காலியில் நுஸைபா துணி மடித்து அடுக்குகிறாள், திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கிறது. உன் சுகத்தை மட்டும் ரெட்டியார்சத்திரம் வரை போய் உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இந்தப் புனே விலாசமும் அவர்கள் கொடுத்ததுதான். ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ இளைத்துப்போய்விட்டாய் என்று வருத்தப்பட்டார்கள். நான் பருப்புப்பொடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன், இத்துடன் வருகிறது.

தை மாதத்திலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூடவா ஆபீஸில் மீட்டிங் போடுகிறார்கள்? முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இப்போது இரண்டும் இல்லை, உன்னிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. போனைத் தட்டிவிடலாம், தபாலில் வந்த காகிதத்தைத் தட்டிவிட முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று நடந்ததைப் பற்றி நாம் இருவரும் வாய் திறந்து பேசவே இல்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை எழுதிவிடுகிறேன். தொப்பம்பட்டிப் பக்கத்தில் ராமுத்தாயக்கா வீட்டு இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டைகள் அடைக்கு இருந்தன. பாதி அவருடையவை, பாதி அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரை நம்பிக் கொடுத்தவை. கரண்ட் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால், நாம் இருவரும் செய்து அங்கே மாட்டிய பெட்டி தன் சொந்த பாட்டரியில் விழித்திருந்து போன் போட வேண்டும். முதலில் ராமுத்தாயக்காவுக்கு. அவர் எடுக்காவிட்டால் எனக்கு. நானும் எடுக்காவிட்டால் உனக்கு. அக்காவும் அவர் புருஷன் சுருளிவேல் அண்ணனும் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று கரண்ட் போனது. பெட்டி ஒருவரையும் கூப்பிடவில்லை. தை மாதக் குளிரில் முட்டைகள் எல்லாம் சில்லிட்டுப் போயின.

முட்டை ஓட்டை உடைத்துப் பார்த்தபோது உள்ளே இறகு முளைத்த குஞ்சுகள் இருந்ததை நீயும் பார்த்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் நீ பேசியது ஒரே ஒரு வாக்கியம். பெட்டி போன் போடும் மோடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்றாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நீ புனேயில் இருந்தாய்.

நான் பெட்டியைக் கழற்றி எடுத்துவரத்தான் போனேன். ராமுத்தாயக்கா விடவில்லை. முட்டை கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் தானே நடந்து போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி இன்னும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்படியிருந்தும், "இன்னும் ஒரே ஒரு அடை வைக்கறனுங்க அம்மிணி. அதுக்குள்ள பெட்டியச் சரி பண்ணுங்க. இல்லீன்னா நீங்களும் வேண்டாம், மெசினும் வேண்டாம், நான் கோழியவே நம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். முகத்துக்கு நேரே சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

நோன்பு தொடங்கியிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் பஸ் மாறி, கேரளாவுக்குப் போகும் முருங்கைக்காய் லாரிகளுக்கு நடுவே வெயிலில் நின்று, வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். லேப்டாப்பை நெட்வொர்க் வயரில் மாட்டி உட்காருவேன். சுருளிவேல் அண்ணன் இன்வெர்ட்டரையும் அணைத்து மெயினை இறக்குவார். பெட்டி உடனே அக்காவைக் கூப்பிடும். எத்தனை முறை இறக்கினாலும் கூப்பிடும். சரி, ஏதோ லூஸ் கனெக்‌ஷன், வயரை மாற்றியாயிற்று என்று நிம்மதியாகத் திண்டுக்கல் வந்து சேர்ந்தால், மறுநாள் காலை அக்கா போன் செய்வார். மெயினை இறக்கிப் பார்த்தேன், உங்கள் பெட்டி வாயே திறக்கவில்லை என்பார்.

கீர்த்தனா, நான் மாற்றாத பொருள் இல்லை. வயர், ஹப், பாட்டரி, மோடம்கூட. நீ வாங்கியதற்குப் பதிலாக வேறு கம்பெனி மோடத்தை மாட்டினேன். அதுவும் அதே கதைதான். இந்த வரியை நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

சுருளிவேல் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமியாக்காரி எதுக்க நின்னா மட்டும் கூட்டிப் பெருக்குற மருமவ மாதிரியில்லீங்க இருக்குது உங்க பெட்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கியபோது புது அடை வைத்துவிட்டார்கள். பெட்டியை நம்பாமல் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி இன்குபேட்டர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். முட்டையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவருக்குக் கவலை.

இந்த நாட்களில் அக்காவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. வெயிலில் வந்து நிற்கிறேன், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவள் வெறும் வயிற்றோடு திரும்பிப் போவதை அந்த ஊரில் யாரும் தாங்கமாட்டார்கள். "ஏனுங்க, எச்சில்கூட முழுங்கக் கூடாதுங்களா?" என்று முதல் நாள் கேட்டார். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் கையில் இருந்த போனைப் பிடுங்கி, "நீங்கதான் ஒண்ணும் வாங்கமாட்டேங்கறீங்க. இதாவது நம்ம ஊட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டுங்க" என்று நம் பெட்டியில் காலியாக இருந்த யுஎஸ்பி துளையில் வயரைச் செருகி சார்ஜ் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனுக்குக் கை நீட்டுவார். வேறு யாராவது கூப்பிட்டால் வயரோடேயே போனை எடுத்துப் பேசுவேன். உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு நோன்பு முடியும்வரை புரியவில்லை.

பெருநாள் முடிந்து அம்மா கொடுத்துவிட்ட பலகாரத்தோடு போனேன். அக்கா அத்தனை நாள் பாக்கியையும் ஒரே இலையில் தீர்த்துவிட முடிவு செய்திருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய் வெஞ்சனம், ரசம், தயிர் என்று போட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சோறு போடும் சந்தோஷத்தில் என் போனை மறந்துவிட்டார். அது கைப்பைக்குள்ளேயே கிடந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் வழக்கம்போல மெயினை இறக்கினார்.

பெட்டி கூப்பிடவில்லை. முதன்முறையாக என் கண்ணெதிரே கூப்பிடவில்லை.

மோடத்தின் விளக்கும் அணைந்து கிடந்தது. எச்சில் கையோடு எழுந்து ஓடி, இடது கையால் லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, "அடடா, இன்னிக்கு உங்க போனுக்குச் சோறு போடாம உட்டுட்டனுங்களே" என்று கைப்பையிலிருந்து அதை எடுத்துச் செருகினார். செருகிய மாத்திரத்தில் மோடத்தின் விளக்கு எரிந்தது. அக்காவின் போன் அடித்தது. நான் அங்கேயே, கையில் ரசச் சோற்றோடு, சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாவம், அவர்கள் பயந்துபோனார்கள்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு பெட்டி எழுதிவைத்திருந்த பதிவுகளைப் பார்த்தேன். மோடம் மட்டும் தூங்கினால் தட்டியவுடன் எழுந்துவிடுகிறது. ஆனால் அது மாட்டியிருக்கும், எல்லா யுஎஸ்பி துளைக்கும் பொதுவான ஹப்பும் சேர்ந்து தூங்கிவிட்டால், இந்தப் போர்டில் இரண்டுமே எழுவதில்லை. பாட்டரி நிறைய நேரம் தாங்கவேண்டும் என்பதற்காக, சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனங்களை எல்லாம் தூங்கவைக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? பெட்டி ஆன் ஆகும்போது என்னவெல்லாம் மாட்டியிருக்கிறதோ, அவற்றை மட்டும்தான் அது தூங்கச் சொல்லும். பிறகு வந்து செருகிய என் போனைத் தூங்கச் சொல்ல ஆளில்லை. அது விழித்திருந்தது. கூட ஒருவர் விழித்திருக்கும்போது ஹப் தூங்காது. நம் அறையில் சோதித்தபோது என்ன இருந்தது? கீபோர்டு. பெட்டியை ஆன் செய்த பிறகு அதைச் செருகி, சோதித்து முடியும்வரை அப்படியே விட்டுவைப்போம்.

அந்த ஸ்கிரிப்டை யோசித்தது நீ, தட்டச்சு செய்தது நான், சரிபார்த்தது இருவரும். மோடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ ஒருத்தியாகத் தூக்கிச் சுமக்க அதில் எதுவுமே இல்லையடி. எனக்கும் பங்கு கொடு என்று கேட்கத்தான் நான் இத்தனை நாள் போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஹப்பையும் மோடத்தையும் இனித் தூங்கவே கூடாது என்று எழுதிவைத்துவிட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், தீர்ந்தால் தீரட்டும். போனை வயரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது. அக்கா மெயினை இறக்கிவிட்டு, தன் போனை எடுக்காமல் விட்டிருக்கிறார். காதில் வைத்தால், "கரண்ட் போயிருச்சுங்க. முட்டைக்குச் சூடு குறையுது. சீக்கிரம் வாங்க" என்று நீ பேசுகிறாய். அது நம் அறையில் நீ பதிவுசெய்த குரல் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன். தக்காளிக் கூடைக்காரர்கள் எல்லாம் பார்க்க, நின்று அழுதேன்.

பங்குனி உத்திரத்தன்று அக்கா பெட்டியை நம்பிப் பழனிக்கு நடந்துபோனார். அண்ணன் முறைத்துக்கொண்டே முருங்கைக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். காற்றும் மழையும் அடித்து, அந்தப் பக்கம் கம்பம் சாய்ந்து, காலையில் போன கரண்ட் வரவே இல்லை. மதியம் இன்வெர்ட்டரும் தீர்ந்தது. பெட்டி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது, பழனிக் கூட்டத்தின் மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டது. நான் அண்ணனை விடாமல் அழைத்தேன். அவர் சட்டையோடு போனையும் மரத்தில் மாட்டிவிட்டு வரப்பில் நின்றிருக்கிறார். ஒருவழியாக எடுத்தார், எடுத்ததும் ஓடினார். சுடுதண்ணீரைப் பாட்டில்களில் ஊற்றி இன்குபேட்டருக்குள் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, கரண்ட் வரும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நேற்று முன்தினம் குஞ்சுகள் பொரிந்தன. நாலைந்து கூமுட்டை போக மற்றவை எல்லாம் உயிரோடு வந்துவிட்டன. நான் போய்ப் பார்த்தேன். வீடு முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். முகம் கொடுத்துப் பேசாத அந்தப் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த அடைக்குத் தன் முட்டையையும் வைப்பீர்களா என்று அக்காவிடம் கேட்டாள். அண்ணன் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் தன் துண்டால் துடைத்தார்.

அக்கா மட்டும் குஞ்சுகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கண்ணாடி போட்ட புள்ள எங்கீங்க? செத்ததப் பாத்துட்டுப் போனதுங்க. பொழச்சதப் பாக்க வேண்டாமுங்களா?" என்றார். நீ போன் எடுப்பதில்லை என்று சொன்னேன்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, பொழுது நன்றாக ஏறிய பிறகு, அக்கா மெயினை இறக்குவார். பெட்டி அவரைக் கூப்பிடும், அவர் எடுக்கமாட்டார். அடுத்து என்னைக் கூப்பிடும், நானும் எடுக்கமாட்டேன். மூன்றாவது எண்ணை நான் பெட்டியிலிருந்து இன்றுவரை அழிக்கவில்லை.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். ஆண்டவன் உன் மனதுக்கு ஆறுதல் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பருப்புப்பொடியில் நெய் ஊற்றிக்கொள். சனிக்கிழமை படுக்கும் முன்பு போனை மறக்காமல் சார்ஜில் போடு. ஞாயிறு அது அடித்தால், என்மேல் கோபம் இருந்தாலும் பரவாயில்லை, எடு. பேசப்போவது நான் இல்லை, உன் குரல்தான். அது சொல்கிறபடி செய்.

உன் நாற்காலியைக் காலி செய்து வைத்திருக்கும்,
நர்கீஸ்