ஆழ்ந்த கவலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குச் சரியாகப் போர்த்திக்கொண்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு பரவாயில்லை. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், படித்து முடிக்கும்வரை எழுந்து நடக்காமல் ஒரு இடத்தில் உட்கார். மாடிவீட்டு நர்ஸுக்கு உன் ஊர்ப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் எங்கள் ஆபீஸ் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் பிரித்துப் படிப்பார்கள். படிக்கிறவர்களோடுதான் நான் தினமும் பதினோரு மணிக்கு டீ குடிக்கிறேன், மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியாமல் போய்விடும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். வீட்டில் இருக்கிற கத்தி கத்தரிக்கோலையெல்லாம் சாணை பிடித்துத் தீர்த்துவிட்டு, இப்போது பக்கத்து வீட்டிலும் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமையானால் உன் தம்பியின் ஷூவை எடுத்து வெயிலில் வைத்து, சாயங்காலம் துடைத்து உள்ளே வைக்கிறார். அவன் உள்ளே போய் இந்த மாதத்தோடு ஒன்பது மாதம். பஸ் டிப்போ வாசலில் சங்கத்து நோட்டீஸ் ஒட்டினதற்கு ஒரு டிரைவரைக் கேள்விமுறை இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம் என்று ஒரு சட்டம், அது ஒரு வருஷத்தில் காலாவதியாகும், அவனும் வந்துவிடுவான் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். போன மாதம் சட்டசபையில் அதை இன்னொரு வருஷம் நீட்டிவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். எப்படி நீட்டினார்கள் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்ன என்று சின்ன வயசில் நீ கேட்டபோது பேப்பர் வெட்டுகிற வேலை என்று சொல்வேன், நீயும் ஸ்கூலில் அப்படியே சொல்லிவிட்டு வந்தாய். பொய்யில்லை. எங்கள் பிரிவில் ஆறு மேஜை, காலையில் வெளிநாட்டுப் பேப்பர்கள் வரும், நம்மைப்பற்றி என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்து, வெட்டி, நம் மொழியில் சுருக்கி ஒரே பக்கமாக அமைச்சருக்கு அனுப்பவேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் கண்டனம் என்ற சொல்லை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். மேலே பெரிய ரகளை. அன்றைக்கு இருந்த பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இனி இதற்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டுவிடு, யார் மொழிபெயர்த்தாலும் அதைப் பார்த்து எழுதட்டும் என்றார். நான்தான் போட்டேன் பாப்பா. கண்டனம், எதிர்ப்பு, கொடுமை, அக்கிரமம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், கவலை. ரொம்பவும் காட்டமாக இருந்தால் ஆழ்ந்த கவலை. ஆறு தாளில் கையால் எழுதி ஆறு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் நானே செருகினேன். கையெழுத்து அழகு, பட்டியலும் அழகு என்று பாராட்டுகூட வாங்கினேன். பதினொரு வருஷமாக இந்த ஆபீஸில் பூசி மெழுகுவதற்கு இலக்கணம் எழுதினவள் உன் அம்மாதான்.

சட்டத்தை நீட்டின அன்று ஆபீஸில் எல்லோரும் டி.வி. முன்னால் நின்றிருந்தோம். அமைச்சர் எழுந்தார், கையில் எங்கள் தாள்கள். இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதினதை ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன், ஒருவர்கூட நம்மைக் கண்டிக்கவில்லை, நமக்கு என்ன ஆகுமோ என்று கவலைதான் படுகிறார்கள், நமக்காகக் கவலைப்படுகிற அந்த நண்பர்களுக்கு இந்தச் சபையின் நன்றி என்றார். மேஜையைத் தட்டினார்கள். அந்த மனுஷர் நடிக்கவில்லை, எனக்கு முகத்தைப் பார்த்தால் தெரியும், நிஜமாகவே நம்பியிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சித்தி கவலைப்படுகிற மாதிரி உலகமே நமக்காகக் கவலைப்படுகிறது என்று நினைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் கை தூக்கச் சொன்னார்கள், முடிந்தது. என் பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் தம்பிக்கு இன்னொரு வருஷம் விழுந்ததில் என் கையும் இருக்கிறது, இதை அப்பாவிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

அதற்கு எட்டாம் நாள், நீ அங்கே பேப்பர்க்காரரிடம் பேசினது என் மேஜைக்கு வந்தது. பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து உருவினால் உன் படம், போன வருஷம் நான் பின்னி அனுப்பின ஸ்வெட்டர், கீழே நீ சொன்னது. என் தம்பியை உள்ளே வைத்திருக்கிற என் நாட்டை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று. ஒரு மணிநேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அடியில் பட்டியல் இருக்கிறது, அதன்படி நீ கவலைப்பட்டிருக்கவேண்டும். நான் வெட்கம் என்றே எழுதினேன், அடியில் கோடும் போட்டேன், அனுப்பிவிட்டேன். அது அமைச்சர்வரை போகவில்லை, எங்கள் இயக்குநர் மேஜையிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கெட்டவர் இல்லை, உன் கல்யாணப் பேச்சு நின்றபோது லீவு கொடுத்தவர். இந்த வார்த்தை நம்ம லிஸ்ட்டுல இல்லையே மேடம் என்றார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"உங்க பொண்ணு அந்த ஒரு வார்த்தைய வாபஸ் வாங்கட்டும் மேடம். அதே பேப்பர்ல ரெண்டு வரி வந்தா போதும். பையன் பேரு அடுத்த ரிலீஸ் லிஸ்ட்டுல இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை மட்டும் சொன்னேன். உடனே எழுது, இன்னும் என்ன யோசனை என்று என்மேல் எரிந்து விழுந்தார். அவர் கோபத்தைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது பாப்பா. ரயில்பெட்டிப் பட்டறையில் அவர் லேத்தில் நின்ற காலத்தில் வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் நாலுபேர் வந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் ஆட்களும் கையைக் கட்டிக் கேட்டுக்கொண்டு பூட்டிவிட்டார்கள், நானூறு பேர் தெருவுக்கு வந்தார்கள், அதில் உன் அப்பாவும் ஒருவர். அன்றைக்கு வெளியூரான் பேச்சைக் கேட்டுத்தானே நாசமாகப் போனோம், நம் வீட்டுச் சண்டையை அவன் வாசலில் போய்ச் சொல்லி அழுவதற்கு நமக்கு ரோஷம் வேண்டாமா என்கிறார். அவர் பட்ட பாடு அது. நானும் வெளியூரான் சொல்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை, பதினொரு வருஷம் அவன் பேப்பரைப் படித்தவள், அவன் யோக்கியதையும் எனக்குத் தெரியும். அவன் வீட்டிலும் இதே கதை நடக்கிறது, அதைச் சின்ன எழுத்தில் உள்பக்கத்தில் போடுவான். ஆனால் என்ன சொல்கிறான் என்று நேராகத் தெரிந்துகொண்டு, போடா என்று சொன்னால் அது ரோஷம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு யாரும் நம்மைத் திட்டவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. வெளியூரான் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்கிறவர்கள், எங்கேயோ இருக்கிற ஒரு பெண் யாரோ படிக்கிற பேப்பரில் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு ஏன் இத்தனை மெனக்கெடுகிறார்கள்?

போன செவ்வாய்க்கிழமை அவனைப் பார்த்தேன். இருபது நிமிஷம், நடுவில் கம்பிவலை. இளைத்திருக்கிறான். முன்பல் ஒன்று இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றான். பூசி மெழுகுவது என்னிடமிருந்துதான் அவனுக்கு வந்திருக்கவேண்டும், நானும் பார்த்து நடப்பா என்று மட்டும் சொல்லிவைத்தேன். இயக்குநர் சொன்னதைச் சொன்னேன். முதலில் சிரித்தான். வெளிநாட்டுப் பேப்பர் எழுதின வாரம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள், நம் ஊர்ப் பேப்பர் எழுதின வாரம் எழுதினவரே உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார், இப்போது ஒரு கம்பளியை இரண்டு பேர் போர்த்துகிறோம் என்றான். அவனுக்கு எப்போதும் இந்தக் குசும்பு உண்டு. பிறகு வலைமேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் மாற்றவில்லை.

"அக்கா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா. அத திருப்பி வாங்கிட்டு நான் மட்டும் வெளில வந்தா, மிச்சம் இருக்கிறவங்களுக்கு அப்புறம் யாரு பேசுவாங்க? பேசினாலும் யாரு நம்புவாங்க?"

எனக்கு அவன்மேல் பெருமை வரவில்லை பாப்பா. ஆத்திரம்தான் வந்தது. மிச்சம் இருக்கிறவர்களுக்கெல்லாம் நானா அம்மா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன், எதிலும் எனக்குத் தெளிவு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவன் சொன்னதை மாற்றி எழுத எனக்கு இனிமேல் கை வராது.

இந்த வாரக் கடைசியில் என் கையெழுத்தில் உனக்கு இன்னொரு கடிதம் தபாலில் வரும். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினது. வாபஸ் வாங்கு என்று உன்னைக் கெஞ்சியிருக்கிறேன், தாள் அங்கங்கே நனைந்திருக்கும். பாதிக்கு மேல் அவர் சொல்லாமல் நானே எழுதினது, அழுததும் நிஜம், அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதன்படி மட்டும் செய்யாதே. பின்னால் அவனுக்கு ஏதாவது ஆகி, உன்னால்தான் என்று நான் திட்டி எழுதினாலும் எழுதுவேன், என் வாய் உனக்குத் தெரியும். அதையும் வாங்கிக்கொள், அப்போதும் செய்யாதே.

தீர்க்காயுசாக இரு. நல்லவர்கள் நாலுபேர் உன் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, நர்ஸிடம் இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தனியாக நாலு வரி போடு, முழங்காலைப் பற்றி மட்டும் கேள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. தபாலில் வருவதைப் பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்கு யாராவது விசாரித்தால் எங்கள் அம்மா தடுத்தாள், நான்தான் கேட்கவில்லை என்று எடுத்துக் காட்டு. அவன் வரும்வரை இந்த வேலை எனக்கு வேண்டும், அந்த வலைக்கு இந்தப் பக்கம் யாராவது ஒருத்தி இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா