எருமைக்குப் பயந்த சீனி

இன்று காலை நூம்பலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஊறிய பருத்திக்கொட்டையின் புளித்த வாடை வந்தது. தனத்தக்கா எருமைகளுக்குத் தொட்டியில் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். அந்த வாடையோடு உன் நினைவு வந்தது. கூடவே கோபமும். நீ போன பிறகு உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசி முடித்துவிட்டார்கள். எவ்வளவு பொறுமைசாலி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் பொறுமையெல்லாம் குதிரையிடம்தான். ரேஸில் ஓடி ஒதுக்கப்பட்ட சீனியை வாங்கி நீ இங்கே ஒரு காலி மனையில் கொட்டகை போட்டபோது உன்னைத் திட்டாதவள் நான் ஒருத்திதான். கல்லூரி பெஞ்சிலிருந்தே உன் பிடிவாதம் எனக்குப் பழக்கம். பின்பக்கம் புது மனைகளுக்குச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. சீனியை மேய்க்க ஏரிக்கரைக்குப் போக இருந்த ஒரே வழி தனத்தக்காவின் எருமைகளைத் தாண்டித்தான். லாயத்தையும் பந்தயத் தடத்தையும் தவிர எதையும் பார்த்திராத சீனி, முதல் நாள் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. மூக்கு விடைத்து, உடம்பெல்லாம் நடுக்கம்.

"இன்னாம்மா உன் குதிர, பொண்ணு பாக்க வந்த எடத்துல மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிற மாதிரி நிக்குது? எங்க எருமைக்கு இன்னா கொறச்சல்?" என்றாள் தனத்தக்கா.

"கலர் புடிக்கலையாம் அக்கா" என்றேன் நான்.

"அது மட்டும் இன்னா, சுண்ணாம்பு அடிச்சா மாதிரியா கீது?"

நீ சிரித்தாயே தவிரக் கயிற்றை இழுக்கவில்லை. எருமைகள் தொலைவில் தெரியும் இடத்தில் நிறுத்தினாய். சீனி தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டதும் திருப்பி அழைத்து வந்தாய். மறுநாள் இன்னும் சற்று அருகே. பிறகு, எருமைகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது பின்னாலேயே நடத்தினாய். எதிரே வருகிற மாட்டைவிட, முன்னால் விலகிப் போகிற மாட்டைப் பார்த்தால் பயம் தெளியும் என்பது உன் கணக்கு. நான் அவசரப்பட்டால், "அது பாக்கட்டும்டி. பாத்தாதானே போகும்?" என்பாய். மார்கழி முடிவதற்குள் சீனி எருமைகளுக்கு நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மாட்டுப் பொங்கலன்று கிளம்பினோம். அன்றைக்கு எருமை எருமையாக இருக்காது என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. கொம்பில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட், கழுத்தில் மாலையும் மணியும், கொம்பு நுனியில் பலூன். ஒரு பலூன் வெடித்தது. சீனி மிரண்டு துள்ளியதில் அடுத்த நொடி நீ மண்ணில் கிடந்தாய்.

விலா எலும்புக்கு எடுத்த ஸ்கேனில் ஒரு கட்டியும் தெரிந்திருக்கிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என்னிடம், "எலும்பு நல்லா இருக்காம்" என்று மட்டும் சொன்னாய். வலி அடங்கியதும் சீனியோடு முதலிலிருந்து ஆரம்பித்தாய். நானும் சிரித்துப் பேசிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஆடியில் நீ படுத்த பிறகுதான் உன் அண்ணன் ஸ்கேன் விஷயத்தைச் சொன்னார். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "சீனி பழகட்டும், அப்புறம் போலாம்னு இருந்தேன்டி" என்றாய்.

அப்புறமாம்! ஒரு எருமையைப் பார்க்கக் குதிரைக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் கொடுத்தாய். ஒரு டாக்டரைப் பார்க்க உனக்கு ஒரு நாள் கொடுத்துக்கொள்ளவில்லை. பயந்தாயா? பயந்திருந்தால் சொல்லியிருக்கலாமே. நடுங்குகிற ஒரு ஜீவனின் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரிந்தவர்கள்தானே நாம்? என்னை ஏன் நிற்கவிடவில்லை?

அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை. காரியம் முடிந்ததும், திருமுல்லைவாயில் வீட்டு வாசலில் உன் அண்ணன் சொன்னார்: "பூந்தமல்லியில கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கேக்குறாங்கம்மா. கொட்டகையில சும்மாதானே நிக்குது."

ஒரு பலூனுக்கே மிரண்ட குதிரையின் காதருகே பேண்டு வாத்தியமும் சரவெடியும்.

"சும்மா நிக்காது. நான் நடத்துறேன்."

"அது எருமையத் தாண்டாதேம்மா."

"தாண்டும்!" கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"சரி, தாண்டிச்சுன்னா நீயே வச்சுக்க. இல்லன்னா அனுப்பிடறேன்" என்றார்.

மறுநாள் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்தேன். எருமைகள் கண்ணில் படும் முன்பே சீனி நின்றுவிட்டது. காதைப் பின்னால் மடக்கி என்னைத்தான் பார்த்தது. என் கை இறுகியிருந்தது கயிறு வழியே அதற்குத் தெரிந்திருக்கிறது. பல நாள் இதே கதை. திட்டுவதை நிறுத்தி, என் மூச்சு சீராகும்வரை அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் சீனி நடக்கவே தொடங்கியது.

இன்று எருமைகளுக்குப் பின்னாலேயே போய், அவற்றைக் கடந்து, ஏரிக்கரையில் புல் கடித்தது.

"தாண்டிக்கிச்சும்மா!" என்று கூவினாள் தனத்தக்கா. "அந்தம்மா இருந்தா இன்னிக்குக் குத்தாட்டம் போட்டிருக்கும்."

"இருந்திருக்கணும்" என்றேன்.

அங்கிருந்தே உன் அண்ணனுக்கு போன் செய்தேன். சீனி இனி என் பொறுப்பு. அதற்காக நீ சந்தோஷப்பட வேண்டாம். உன்னை நான் மன்னித்துவிடவில்லை. தினமும் கொட்டகைக்குள் நுழையும்போது கோபத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிடுகிறேன், குதிரைக்குத் தெரிந்துவிடும் என்பதால். சீனியை நடத்தி, தண்ணீர் காட்டி, கட்டிவிட்டு வெளியே வரும்போது அந்தக் கோபம் அங்கேயே இருக்கிறது. எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குத் திரும்புகிறேன்.