கடைசிப் பக்கம் படித்தேன் என்று சொன்னது

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் ஒரே சளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மற்றபடி நலம். நீயும் ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் ஏதாவது புளுகிவிடுவேன். நீ பிறந்தநாளுக்கு அனுப்பிய நாவலை நான் முடிக்கவில்லை. நானூறு பக்கத்தில் நூறாம் பக்கத்தில் நிற்கிறேன். நீ வாரா வாரம் கேட்கக் கேட்க, பாதி தாண்டிவிட்டேன், முக்கால் வந்துவிட்டேன் என்று சொன்னதெல்லாம், வீட்டை விட்டே கிளம்பாதவர் போனில் இதோ அடுத்த ஸ்டாப்தான் என்று சொல்வது போலத்தான். ஒன்றை மட்டும் நம்பு, நான் முயற்சி செய்யாமல் இல்லை. உன் தங்கைக்கு எட்டு வயதுதான், ஆனால் நான் புத்தகம் திறக்கும் சத்தம் இரண்டு அறை தள்ளியும் அவளுக்குக் கேட்கிறது. உடனே தாகம் எடுக்கிறது, முட்டி வலிக்கிறது, நாளைக் காலை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய அட்டை ஞாபகத்துக்கு வருகிறது. இந்த விஷயத்தில் உன் அப்பா அவளுக்கும் அண்ணன். நான் படிப்பதைப் பார்த்தால், சும்மாதானே உக்காந்திருக்கே, என் ஸ்குரூ டிரைவரைப் பாத்தியா என்பார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் பக்கம் திருப்பியவள் நான். நீ நல்ல பிள்ளை, படிக்க விட்டாய்.

அதனால் வேலை செய்யும் இடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் இருக்கிறதல்லவா, ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, ஏனென்றால் நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் நாவல் கோட்டுப் பையில் நுழையவில்லை. கோபப்படாதே, லேப் பிளேடால் அதை எட்டுத் துண்டாக அறுத்துவிட்டேன். துண்டுக்கு ஐம்பது பக்கம், சுற்றுக்கு நாலைந்து பக்கம். சுற்று ஒழுங்காகக் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வாரத்துக்கு மூன்று பக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் நீ ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பக்கம் படிச்சியாம்மா, என்ன நினைக்கிறே என்றாய். நான் வாய் கூசாமல், படிச்சேன், எனக்குச் சரின்னுதான் படுது, வேற எப்படி முடிய முடியும் என்றேன். நீ மூக்கை உறிஞ்சினாய். ஒரு கதைக்காக இப்படி உருகுகிறாளே என்று பெருமைப்பட்டேன். மனசு உறுத்தியதால் முடிவையாவது படித்து வைப்போம் என்று திங்கட்கிழமை எட்டாம் துண்டை எடுத்துப் போனேன். திறப்பதற்குள் இயந்திரம் கூவியது, தலைமை டெக்னீஷியன் வந்தார், துண்டை ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் தள்ளினேன். சாயங்காலம் தேடினால் இல்லை. அது மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் டிரைவிங் ஸ்கூல்காரரின் கவருக்குள் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வந்து கவுண்டரில் அதை வைத்தார். மேடம், இதை அப்படியே டாக்டர்கிட்ட நீட்டிட்டேன், அவர் ரெண்டு பக்கம் படிச்சிட்டு உங்க சர்க்கரை தெரியல, ஆனா கல்யாணம் நின்னுபோச்சுங்கிறார் என்றார். நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் விடவில்லை. கதை முடிவு எனக்குப் பிடிக்கல மேடம், ஆனா கடைசி வெத்துப் பக்கத்துல பேனாவுல எழுதியிருக்குதே ஒரு பொண்ணு, அது நல்லா எழுதியிருக்கு, முறையா இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புது, பின்னாடி வர்றவங்க பாக்கலேன்னா அது என்ன பண்ணும் என்றார்.

அப்போதுதான் படித்தேன். கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டு மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறேன், இரண்டு வருஷமாகச் சொல்ல வரவில்லை, நீ இந்தப் பக்கம்வரை வந்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே படிவத்தைக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நான் சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமையும் வந்து போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன். முதலிலேயே படித்திருந்தால் நான் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். இன்னும் ஒரு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்றிருப்பேன். நீயும் கடித்திருப்பாய். அதை நினைத்துத்தான் பயமாக இருந்தது. நேற்று உன் பக்கத்தை மூன்று சுற்றுக்கு மூன்று தடவை படித்தேன், வேறு எதையும் படிக்கவில்லை. இப்போது படித்துவிட்டுச் சொல்கிறேன், சரி. ஞாயிற்றுக்கிழமை சொன்னதை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள். உன் அப்பாவிடம் நானே சொல்கிறேன். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போகும் வீட்டிலெல்லாம் என் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறா என்று சொல்லி வைத்திருக்கும் மனிதர், கொஞ்சம் பொறு. இனிமேல் முக்கியமான விஷயத்தை முதல் பக்கத்தில் எழுது. மண்ணைத் தோண்டினால் நகத்தை வெட்டிக்கொள். உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக முளைக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், இன்று சனிக்கிழமை. அப்பாவிடம் சொல்லி உன் பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அங்கே மண்ணைச் சோதிக்க மெஷின் இருக்குமா என்றார். இருக்கும் என்றேன். எட்டுத் துண்டையும் வாங்கி, ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் ஒட்டும் பசையால் சேர்த்து ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். காய்ந்துவிட்டது. உன் பக்கம் நன்றாகத் திறக்கிறது. நூறாம் பக்கமும் நூற்றொன்றாம் பக்கமும் பிரியவில்லை.