சனிக்கிழமை முழுக்காடிய சைக்கிள்

ஐசே,

இதை வாசிக்கும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே சத்தியம் செய்து தருகிறேன். நம்பக்கூடியதை எழுத இந்த ரொறன்ரோவில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். உம்முடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவர்கள் எழுதியிருந்தார்கள். அமைதியானவராம், அடக்கமானவராம், அதிர்ந்து பேசாதவராம். யாரைச் சொல்கிறார்கள் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். படத்தில் நீர்தான், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. இறுக்கக் காற்சட்டையும், கவிழ்த்த சட்டி போல ஒரு தலைக்கவசமும் போட்ட என்னுடைய ஆளை மலர் முழுக்கத் தேடினேன். இல்லை. ஆகவே இது என்னுடைய மலர்.

போன மாதம் திரேசா வந்தார். வீட்டை விற்றுவிட்டு மகனோடு விட்பிக்குப் போகிறார் உம்முடைய மனைவி. உமக்கு ஒருவரும் அறிவித்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். வான் வண்டியின் பின்கதவைத் திறந்து உம்முடைய சைக்கிளை இறக்கினார்.

"அண்ணை, இதை நீங்களே வைச்சிருங்கோ. இல்லாட்டி எறியுங்கோ. என்னாலை பாக்கேலாமல் கிடக்கு."

உருட்டிக்கொண்டு கராஜுக்குள் போய், தூசி பிடித்து நின்ற என்னுடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு நிமிர்ந்தேன். அப்போது வந்தது அந்த மணம். நல்லெண்ணெய். அது கராஜை நிறைத்து, தெருவைக் கடந்து, எங்கள் வோபர்ன் பகுதி முழுவதும் பரவ, பசியில்லாத வீடுகளிலெல்லாம் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். நான் மட்டும் கராஜில் நின்றேன், கதவைச் சாத்திக்கொண்டு.

பூவுலகில் சைக்கிளுக்கு எண்ணெய் முழுக்காட்டிய ஒரே மனிதர் நீர்தான். சைக்கிள் கடையில் நின்ற பெட்டை சின்னக் குப்பியொன்றை நீட்டினாள். நீர் மூடியைத் திறந்து மணந்தீர். "இது உடம்புக்கு ஆகிற எண்ணெயில்லை" என்று திருப்பிக் கொடுத்தீர். அதற்குப் பிறகு சனிக்கிழமை விடிந்தால் உம்முடைய தலைக்கு ஒரு கை எண்ணெய், செயினுக்கு ஒரு கை. தூசி ஒட்டிக் கறுத்துத் தார்போல் ஆகும். பழைய பெனியனால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவீர். நயாகரப் பக்கம், ஜோர்டன் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு நாய் உம்முடைய பின்சில்லை நக்க நினைத்து எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. சபைகளில் அதைச் சொல்லும்போது நான் நாயைக் கன்றுக்குட்டி அளவாக்கினேன். பிறகு கரடியாக்கினேன். நீர் ஒருநாளும் மறுக்கவில்லை.

"கரடியெண்டால் ரெண்டு எண்டு சொல்லும் ஐசே. ஒண்டு எண்டால் ஆக்கள் நம்பிப்போடுவினம்."

எப்படித் தொடங்கினோம் என்பதையும் இங்கே எழுதவேண்டும். என் நெஞ்சுக்குள் ஸ்டென்ற் வைத்து ஆறு மாதம். நான் கதிரையில் இருந்தேன். கதிரை என்மேல் இருந்தது என்றும் சொல்லலாம். இரும்புத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் என்னோடு ஒரே மெசினில் நின்ற நீர், ஒருநாள் வாசலில் இரண்டு சைக்கிளோடு நின்றீர்.

"எழும்பும் காணும். இந்த நாட்டிலை எங்களுக்கு வீடு வந்தது, கார் வந்தது, சீனி வருத்தமும் வந்தது. காலை எங்கை விட்டனீர்?"

அதைக் கேட்டு நான் எழுந்தேன். மருத்துவர்கள் ஒன்பது பேர் கூடித் தூக்கியும் எழும்பாத உடம்பு அது.

பிறகு மூன்று கோடைகாலம். சனிக்கிழமைகளில் சைக்கிள் ஏற்றும் ரெயின் பெட்டியில் ஏறி, ஏரியைச் சுற்றி நயாகரப் பக்கம் இறங்குவோம். ஒரு பக்கம் திராட்சைக் குலை தொங்கும் முந்திரிகைத் தோட்டங்கள், மறுபக்கம் காடு மூடிய மேடுகள். அங்கே ஒரு பூங்காவுக்கு ஷோர்ட் ஹில்ஸ் என்று பெயர். குட்டி மேடுகளாம். பெயர் வைத்தவன் ஹெலிகொப்டரில் போயிருக்கிறான் என்றீர். கொடிகளைக் கண்டால் நீர் இறங்காமல் போகமாட்டீர். உம்முடைய தகப்பன் ஊரிலே, உரும்பிராயில் முந்திரிகை வைத்தவர். "எங்கடை ஆக்கள் பந்தல்லை ஏத்துவினம். இவங்கள் வேலியிலை கட்டிப்போட்டு நிக்கிறாங்கள், ஆடு மாதிரி" என்று கொடிக்காகக் கவலைப்படுவீர்.

வைன் கடையில் ஒரு பெண் கிளாசின் அடியில் துளி ஊற்றி, இதில் செர்ரிப்பழ மணம் இருக்கிறது, ஈரக் கல்லின் மணம் இருக்கிறது, பதனிட்ட தோலின் மணம் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினாள். நீர் மூக்கை உள்ளே விட்டு, நெடுநேரம் யோசித்து, என் பக்கம் திரும்பினீர்.

"முந்திரிகை மணம் ஏதும் கிடக்கோ எண்டு பிள்ளையிட்டைக் கேளும்."

நான் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த போத்தல்கள் உடைந்தன. எண்ணூறு போத்தல், நான் எண்ணினேன்.

இனி அந்த மேட்டுக்கு வருகிறேன். தோட்டங்களுக்கு மேலே ஏறும் தெரு. வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். நீர் வைத்த பெயர் இமிகிரேசன். ஒரு வளைவு முடிய, சரி, வந்தாயிற்று என்று மூச்சு விடுவோம். அங்கே அடுத்த வளைவு நின்றுகொண்டு இன்னொரு கடதாசி கேட்கும். மொத்தம் நாலு வளைவு. இறங்காமல் ஏறி, உச்சியில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுவது என்பது எங்கள் சபதம்.

மூன்று கோடையும் புட்டை மூன்றாம் வளைவில்தான் சாப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வர, எனக்கு ஒரு முழம் முன்னால் போகும் நீர் கையை உயர்த்துவீர்.

"ஐசே, நில்லும். என்ரை செயின் கறகறக்குது. இறங்கிப் பாப்பம்."

குந்தியிருந்து, பெடலைக் கையால் சுற்றி, செயினுக்குக் கிட்டக் காதை வைத்து டொக்டர் மாதிரிக் கேட்பீர். பத்து நிமிடம் கேட்பீர். அதற்குள் நானும், உமக்கு மரியாதை கொடுக்கும் நோக்கத்துடன் மட்டும், புல்லில் மல்லாந்து படுத்துவிடுவேன். பிறகு புட்டு. கீழே கொடி வரிசைகள், அதற்கப்பால் ஏரி, ஏரியின் அந்தக் கரையில் குண்டூசி குத்தியதுபோல ரொறன்ரோவின் கோபுரங்கள். "அங்கை பாரும், எங்கடை ஆக்கள் எல்லாம் ஹைவேயிலை நிக்கினம்" என்று சொல்லி எனக்கு இரண்டாம் பங்கு புட்டு வைப்பீர். செயினுக்கு ஓய்வு வேண்டும் என்று மிச்ச மேட்டில் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடப்போம்.

இதை நான் சும்மா விடுவேனா. ஸ்காபரோவில் எந்தக் கலியாண மண்டபத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தாலும் உம்முடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு தொடங்குவேன். "இவரைத் தெரியுமோ? மேட்டைக் கண்டால் இவரின்ரை செயினுக்கு வருத்தம் வந்திடும்." மேசை முழுக்கச் சிரிக்கும். நீரும் சிரிப்பீர். கடைசியில் சின்னப்பிள்ளைகள் கூட உம்மைச் செயின் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். உம்முடைய பூவுடல் கிடந்த மண்டபத்திலும் எனக்குப் பின்னால் ஒருவர் மற்றவருக்கு உம்மை அப்படித்தான் அடையாளம் சொன்னார்.

ஆசுபத்திரியில் உமக்குக் குரல் இறங்கிய பிறகு ஒருநாள் நான் சொன்னேன், "வாற கோடைக்குப் புதுச் செயின் போடுவம். இறங்காமல் ஏறுவீர்."

நீர் சிரித்தீர். "ஓம் காணும், செயின்தான் பிழை. நீர் ஏறும். உம்மடை நெஞ்சு இப்ப பழகியிட்டுது."

செயினைப் பற்றிக் கேட்டால் ஏன் நெஞ்சைப் பற்றிப் பதில் சொல்கிறீர் என்று நான் யோசிக்கவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் கம்பி வைத்தவன் நான். புற்றுநோய் வந்து போய்ச்சேர்ந்தது நீர். இந்தப் பிழையை எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்தால் அங்கே கதவு மிஞ்சாது.

முறையிட இடமில்லாதவன் சைக்கிளை எடுத்தான். உம்முடைய சைக்கிளை. இமிகிரேசன் மேட்டில் அது ஒருமுறை இறங்காமல் ஏறவேண்டும். ஏறிவிட்டு வந்து, உம்மைப் பார்த்துச் சிரித்த மண்டபங்களுக்கெல்லாம் நான் சொல்லவேண்டும். கராஜில் அதற்கு முழுக்காட்டிக்கொண்டிருந்தபோது மகள் சுபா பிடித்துவிட்டாள்.

"அப்பா, சீரியஸாவோ? அங்கிளும் இல்லை. தனிய விழுந்தா யார் தூக்கிறது?"

"முந்திரிகைத் தோட்டத்துக்கை தானே பிள்ளை விழுவன். நல்ல இடம்."

"ஜோக் அடிக்காதேங்கோ. உங்கட ஹார்ட்."

"இந்த ஹார்ட்டைக் கதிரையிலை வைச்சிருக்கச் சொல்லி அந்த மனுசன் மூண்டு வருசம் என்னைக் கூட்டிக்கொண்டு திரியேல்லை."

அவள் என் போனை வாங்கி, நான் எங்கே நிற்கிறேன் என்று தனக்குக் காட்டும்படி எதையோ அழுத்தித் திருப்பித் தந்தாள்.

ஐசே, அன்று நடந்தது இது. நான் வருவதைக் கண்டு மேடு நடுங்கியது. முதலாம் வளைவு தானாக நிமிர்ந்து வழிவிட்டது. இரண்டாம் வளைவில் கழுகுகள் இரு வரிசையாக நின்றன. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் கத்திரிக்கோலைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். உம்முடைய இரண்டு கரடிகளும் வேலியோரம் கும்பிட்டுக்கொண்டு நின்றன. நான் பாட்டுப் பாடிக்கொண்டே மூன்றாம் வளைவுக்குள் நுழைந்து, அதே வேகத்தில் நாலாவதையும் முடித்து, உச்சியில் நாதஸ்வரம் முழங்க இறங்கினேன்.

இப்படித்தான் போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் தொடங்கினேன். எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு கதையின் மிச்சத்தையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். "அண்ணை இண்டைக்குப் புதுப் புளுகோடை வந்திருக்கிறார்" என்று ஒருவர் என் தட்டில் றோல்ஸ் எடுத்துவைத்தார். நான் எழுந்து நின்று இரண்டாம் தரமும் சொன்னேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நாயைக் கரடியாக்கி வளர்த்த வாய் இது, வேறென்ன நடக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் விடட்டும், எந்த மண்டபத்துக்குப் போனாலும் சொல்வேன். இந்தச் சனியும் முழுக்காட்டிவிட்டு அந்த மேட்டுக்குப் போவேன், சின்னக் குப்பியில் நல்லெண்ணெயும் இரண்டு பேருக்குப் புட்டும் எடுத்துக்கொண்டு.

கழுகு இல்லை, ஐசே. நாதஸ்வரம் இல்லை. எண்ணூறு போத்தல் இல்லை. நாய் பூனையளவு இருக்கும். ஒரேயொரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. மூன்றாம் வளைவில் என் மூச்சு முடிந்துபோனது. எப்போதும் முடிகிற அதே இடத்தில், நீர் கையை உயர்த்துகிற அதே இடத்தில். இறங்குவதற்கு ஒரு சாட்டு, ஒரு காரணம், வேண்டி உம்முடைய செயின் கறகறக்கும் என்று காத்திருந்தேன். கடைசியில் சாட்டில்லாமலே இறங்கி, நீர் குந்திய இடத்தில் குந்தியிருந்து, பெடலைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டேன்.

அது ஒரு சத்தமும் போடவில்லை.