மீன் விடுகிற நாள்

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்பு மகள் கௌசல்யாவுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம் தாயி, நானே என் கையால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் மகேஸ்வரி டீச்சர் என்னை ஒரு பக்கம் எழுத வைத்துப் பார்த்துவிட்டு, இனி நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் அம்புட்டுச் சந்தோஷம்.

போனில் பேசினால் போதாதா என்று நினைப்பாய். நம்முடையது ஒற்றை அறை வீடு. அம்மா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் என்ன ரகசியம் என்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுகூட என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். மீன் தொட்டியைப் பற்றி என்றேன். முதலில் அதையே சொல்கிறேன்.

குவைத்தில் நீ வேலை பார்க்கும் வீட்டுத் தொட்டியைப் போனில் காட்டினாயே, உள்ளே செடியெல்லாம் அசைந்துகொண்டு? அம்மா அதைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்றாள். வாய் திறந்து அவள் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உடனே ஆல்வின் என்கிற பையன் நடத்தும் வளர்ப்பு மீன் கடையில் சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தேன். மண்ணைப் பரப்பி, மேலே மணல் போட்டு, செடியை ஊன்றச் சொன்னான். வெறும் மண்ணில் செடி எப்படித் தழையும்? செம்பட்டித் தோட்டத்தில் கத்தரிக்குப் போட்ட பழக்கத்தில், அடியில் ரெண்டு கை சாணி எருவைப் போட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் டிக்காஷன் மாதிரி நிற்கிறது. வீடெல்லாம் நாற்றம். ஆல்வின் வந்து எட்டிப் பார்த்து, தாத்தா மீன் வளர்க்கிறாரா வெள்ளாமை பண்ணுகிறாரா என்று கேட்டான். இந்த மனுசன் யூரியா போடாமல் விட்டாரே என்று உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாவற்றையும் கொட்டிக் கழுவித் திரும்ப வைத்தேன். இப்போது தண்ணீர் பளிங்காக இருக்கிறது. நாடா மாதிரிச் செடியில் புதுக் குருத்து வந்திருக்கிறது. கல்லில் கட்டிய பாசியும் பிடித்துவிட்டது. மீன்தான் இல்லை. தண்ணீர் பழக ஒரு மாதமாவது ஆகும், அவசரப்பட்டால் செத்து மிதக்கும் என்கிறான் ஆல்வின். அம்மா கண் விழித்ததும் கேட்பது அதைத்தான், இன்றைக்கு மீன் விடலாமா என்று.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். வயிற்றுக் கட்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டதாம். இனி ஊசி வேண்டாம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவரும் ஒரு மாதம்தான் சொன்னார், குறையலாம் என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. ஆல்வினிடம் போய், இப்பவே ரெண்டு மீன் விட்டால் என்ன என்று கெஞ்சினேன். இப்போது விட்டால் ரெண்டு நாள்கூடத் தாங்காது என்றான். செத்த மீனையா தாயி அவளுக்குக் காட்டுவது? திரும்பி வந்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடியாமல் உன் பாஸ்போர்ட்டைத் தரமாட்டார்கள் என்று தெரியும். அதனால் வா என்று எழுதவில்லை. லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் சின்னாளப்பட்டி பாண்டியராஜ் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். அங்கே வேளைக்குச் சாப்பிடு. உனக்கு வயிறு வலித்தால் அம்மா மாதிரி சோடா குடித்துச் சமாளிக்காதே.

வெள்ளிக்கிழமை நீ பேசும்போது, எப்போது வருகிறாய் என்று கேட்பாள். லீவு கிடைக்கவில்லை என்று இந்தத் தடவை சொல்லிவிடாதே. மீன் விடுகிற அன்றைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லும்மா.

நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா
சடையாண்டி