இருபத்தோராவது கேள்வி

ரொறன்ரோ
02.03.1997

அன்பின் கௌரிக்கு,

நான் சுகம். நீரும் சுகமாயிருக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பிழை விட்டுவிட்டேன். அகதி விண்ணப்பத்தில் ‘மணமாகாதவர்’ என்று எழுதியிருக்கிறேன். விமானத்தில் கூட வந்த ஒருவர், அப்படி எழுதினால்தான் கெதியில் முடியும் என்றார். இப்போது உம்மை மனைவி என்று கூப்பிட வழியில்லை. மாற்றப் போனால் என்னையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏஜென்ட் ஒரு வழி சொல்கிறார். தெஹிவளையில் பொன்னம்பலம் என்று ஒருவர், மனைவியை இழந்தவர். மகளின் கலியாணத்துக்கு இங்கே வருகிறார். அவருடைய இரண்டாந்தார மனைவியாக நீர் விசா எடுக்கவேண்டும். எம்பசியில் இரண்டு பேரையும் தனித்தனியே விசாரிப்பார்கள். உம்முடைய முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். நடிக்கப் பழகும்.

அன்புடன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
24.03.1997

என் அன்பு அத்தானுக்கு,

விமானத்தில் வந்த அந்த மனிதருக்கு உங்கள் பக்கத்து இருக்கைதானா கிடைத்தது? மூன்று நாள் உங்களோடு கோபம். பிறகு, உங்களிடம் வந்துசேர வேறு வழி ஏது என்று சம்மதித்துவிட்டேன்.

பொன்னம்பலம் ஐயாவுக்கு ஐம்பத்தாறு வயது. செவ்வாயும் வெள்ளியும் இரண்டு சோதனைச் சாவடி தாண்டி பஸ்ஸில் வருகிறார். ஏஜென்ட் தந்த இருபது கேள்வியையும் வீட்டுக்கார மெற்றில்டா அன்ரி முன்னறையில் எம்பசிக்காரி மாதிரி இருந்து கேட்பார். “மனுசிக்கு என்ன சாப்பாடு விருப்பம்?” என்றார் அன்ரி. ஐயா பேனையைத் திறந்து, “சொல்லும் பிள்ளை, எழுதிப் பாடமாக்கிறன்” என்றார். நெத்தலிக் கருவாடு என்று சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. உங்களுக்கு மணம் பிடிக்காதென்று பதினொரு வருடமாக அதை நான் வீட்டுக்குள் எடுத்ததில்லை.

கலியாணப் படமும் எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் தாலி கட்டச் சொன்னார். “அது மட்டும் ஏலாது தம்பி” என்று ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாலையோடு நின்ற படத்தின் ஒரு பிரதியை அனுப்புகிறேன்.

உங்கள் கௌரி


ரொறன்ரோ
13.04.1997

அன்பின் கௌரிக்கு,

படம் கிடைத்தது. அந்த மனிதரோடு நின்று இப்படிச் சிரிக்க வேண்டுமா? நம்முடைய கலியாணப் படத்தில் நீர் சிரிக்கவே இல்லை. இவ்வளவு நாளும் கருவாடு பிடிக்குமென்று என்னிடம் சொல்லாமல் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர். கேள்விகளைப் பாடமாக்கினால் போதும், வீண் கதை வேண்டாம். நான் இங்கே தனியாகக் கிடந்து மாய்கிறேன் என்பதை மறந்துவிடாதேயும்.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
09.05.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நடிக்கப் பழகச் சொன்னது நீங்கள்தானே? அது எனக்குப் புதிதுமில்லை. கருவாடு பிடிக்காதவளாகப் பதினொரு வருடம் நடித்திருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நேற்று எம்பசிக்குப் போனோம். வெளியே வந்து ஒப்பிட்டுப் பார்த்தால், ஐயா என்னைப் பற்றிப் பதினெட்டுக் கேள்விக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறார். விசா தந்துவிட்டார்கள். நான் பஸ் தரிப்பில் நின்று அழுதேன். பயப்படாதீர்கள், அவரில் எனக்கு வேறு எண்ணமில்லை. அவர் பாடமாக்கினார், அவ்வளவுதான். நீங்கள் அந்த அளவுக்குக்கூட என்னைப் பாடமாக்கவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

அந்தக் கேள்வித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். என்னைப் பற்றித் தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். கடைசியில் இருபத்தோராவதாக ஒன்றை நான் என் கையால் சேர்த்திருக்கிறேன். ஜூன் பதினெட்டு பயணம். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் பெட்டி கட்டுவேன்.

கௌரி


ரொறன்ரோ
31.05.1997

கௌரி,

லீவு எடுத்துக்கொண்டு அந்தத் தாளோடு இருந்தேன். ஐந்துக்குத்தான் பதில் வந்தது. பிறந்தநாளில் மாதம் மட்டும் தெரிகிறது. சாப்பாட்டுக்குக் கருவாடு என்று எழுதினேன், பிறகு அது உம்முடைய கடிதத்தில் படித்தது என்று வெட்டிவிட்டேன்.

இருபத்தொன்று: ‘மணமாகாதவர் என்று எழுதச் சொன்னது யார்?’ ஒருவரும் சொல்லவில்லை. விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலி. இறங்கியபிறகு படிவத்தைத் தந்தார்கள், எழுதினேன். கை நடுங்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்று ஓர் ஆசை. அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இப்போது எனக்கு நீர் வேண்டும். வந்துவிடும். மிச்சப் பதினைந்தையும் படிக்கிறேன்.

சிவம்


கொட்டாஞ்சேனை
22.06.1997

அத்தான்,

உங்கள் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. நீங்கள் எனக்கு எழுதியதில் முதல் உண்மையான கடிதம் இதுதான். அதற்கு நன்றி, இதை நடித்துச் சொல்லவில்லை.

ஐயா தனியாகத்தான் போனார். யாராவது கேட்டால், மனுசிக்குச் சுகமில்லை என்று சொல்லிக்கொள்வாராம். எனக்கு இங்கே பயம்தான். போன கிழமையும் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாகப் பார்த்தார்கள்.

நேற்றுப் பொலிஸ் பதிவு புதுப்பிக்கும் நாள். அன்ரிக்குக் கண் சரியில்லை, வீட்டிலிருப்பவர்களின் விபரத்தை நான்தான் நிரப்பினேன். என் பெயர் வந்ததும் அன்ரி, “போன முறை மாதிரியே மணமானவர் என்று எழுது பிள்ளை” என்றார்.

உங்களுக்குக் கை நடுங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நடுங்கியது. ஆனாலும் ‘மணமாகாதவர்’ என்றே எழுதினேன்.

சுகமாக இருங்கள்.

கௌரி