பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவே

மார்ச் 4, புதன்

அண்ணி புது வேலையில் சேர்ந்து மூன்று நாள். மருந்துகளைப் பெட்டியில் அடைக்கும் ஆலை. இன்று வீட்டுச் சாவியைப் பையோடு கொண்டுபோய்விட்டார். அம்மா வாசலில் நின்று பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறாள். மாலை அண்ணி உள்ளே நுழைந்ததும் தொடங்கிவிட்டாள்.

"போன் எதுக்கு வச்சிருக்க, அழகுக்கா?"

"உள்ள போறப்பவே வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடறாங்க அத்தை. சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம் தருவாங்க. அப்ப நீங்க கூப்பிடல."

"அப்ப நான் பக்கத்து வீட்ல தூங்கிட்டிருந்தேன்."

சிரித்து முடித்த பிறகும் அந்தப் பூட்டிய பெட்டி மனசை விட்டுப் போகவில்லை. ஏன்?

மார்ச் 5, வியாழன்

ஏனென்று தெரிந்துவிட்டது.

வங்கியின் காப்பீட்டுப் பிரிவில் நான் செய்வது ஒரே வேலை: இழப்பீடு கேட்டு எழுதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சரிபார்ப்பது. மூன்று முறை எடுக்காவிட்டால் 'வாடிக்கையாளருக்கு ஆர்வமில்லை' என்ற வரியைத் திரையில் அழுத்த வேண்டும். கோப்பு மூடிக்கொள்ளும். முப்பது நாளுக்குள் திறக்காவிட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது.

எங்கள் பிரிவு மூடிய கோப்புகளை இன்று எடுத்து, 'தொழில்' என்ற கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டே போனேன். துப்புரவு. தையல் ஆலை. தையல் ஆலை. இரவுக் காவல் — பகலில் தூங்குகிற மனிதர். நாற்பத்து மூன்று பேரில், மேசையில் போனை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு கோப்பில் நின்றுவிட்டேன். தையல் ஆலைப் பெண். கணவர் சாலை விபத்தில் இறந்திருக்கிறார். அழைத்த நேரம் 11.10, 2.25, 3.40. மூடியது பிப்ரவரி 17. அழைத்ததும் மூடியதும் நான்.

புருஷன் போன பொண்ணுக்கு இழப்பீட்டில ஆர்வமில்லையாம். அழுத்தும்போது எனக்கு ஒண்ணுமே தோணலையே. எப்படித் தோணாமப் போச்சு?

மார்ச் 19 கடைசி நாள்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணி தோழிகளிடம் விசாரித்துச் சொன்னார்: அநேகமாக எல்லா ஆலையிலும் சாப்பாடு பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவே. எங்கள் பிரிவிலும் அதே நேரம்தான். அவர்கள் கையில் போன் இருக்கும் ஒரே அரை மணி நேரத்தில் நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கிறோம்.

மார்ச் 9, திங்கள்

பக்கத்து மேசை அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். பன்னிரண்டரைக்கு அவர் சாப்பிட எழுவார், அதைப் பார்த்து மற்றவர்கள் எழுவார்கள். இன்று நான் அசையவில்லை.

"என்னம்மா, இளைக்கற திட்டமா?"

தையல் ஆலைப் பெண்ணை அழைத்தேன். 12.34, எடுக்கவில்லை. 12.41, எடுக்கவில்லை. போனைத் திரும்ப வாங்க வரிசை நிற்குமோ? 12.47, எடுத்தார். பின்னால் பெண்களின் பேச்சு, பாத்திரச் சத்தம்.

"போன மாசம் மூணு தடவை வந்திருந்துச்சுங்க இந்த நம்பர். திருப்பிப் போட்டா போகவே இல்ல."

போகாது. எங்கள் எண்ணுக்கு வெளியிலிருந்து அழைக்க முடியாது. இரண்டு வருடமாக அந்த எண்ணில் பேசுகிறேன், ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

கோப்பு மூடியதையும் அதில் எழுதியிருந்த காரணத்தையும் சொன்னேன்.

"வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"நீங்க சொல்லல. நான்தான் எழுதினேன்."



"சரி, இப்ப வேணும்னு எழுதிக்கங்க. சீக்கிரம் கேளுங்க, மணி அடிச்சிடும்."

ஏழு கேள்விகள். ஒன்பது நிமிடம்.

மார்ச் 10, செவ்வாய்

கோப்பைத் திறக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். அவர் ஒரு வாரம் விடுப்பு.

மார்ச் 17, செவ்வாய்

"விதிப்படி மூணு தடவை கூப்பிட்டாச்சுல்ல? அப்புறம் என்ன?" என்றார் மேலாளர்.

நாற்பத்து மூன்று பேரின் தொழிலையும் நாங்கள் அழைத்த நேரத்தையும் எழுதிய தாளை நீட்டினேன். அழைத்தவர் யார் என்பதையும் சேர்த்திருந்தேன். பதினாறு இடத்தில் நான்.

"உன்னையே மாட்டி விட்டிருக்கியே."

"ஆமா மேடம்."

தையல் ஆலைப் பெண்ணின் கோப்பில் கையெழுத்திட்டார். அப்பாடா. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "மத்தவங்களுக்கெல்லாம் பன்னிரண்டரைக்கு யாரு உக்காருவா? நீ ஒருத்தியா?"

நல்ல கேள்விதான்.

மார்ச் 18, புதன்

கடிகாரம் அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்பது இடத்தில் அவர்.

பன்னிரண்டரைக்கு அவர் எழவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

தையல் ஆலைப் பெண்ணுக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றவர்களில் எட்டுப் பேருக்கு முப்பது நாள் கடந்துவிட்டது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் இல்லை. புது விண்ணப்பத்தில் 'எந்த நேரத்தில் பேசலாம்?' என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது. முதலில் வந்ததில் ஒருவர் எழுதியிருந்தார்: 'மழை பெய்தால் எப்போதும்.' என்ன வேலையாக இருக்கும்? கட்டட வேலையோ? தொழில் கட்டத்தைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஊகித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசையில் கடிகாரம் அண்ணன் போனில் யாரிடமோ கேட்டார்: "மணி அடிக்க இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கும்மா?"

இரண்டு மணிக்குத்தான் அவர் சாப்பிட எழுந்தார். பிரிவே எழுந்தது.